போர் தண்ணீருக்கு எந்த மெஷின்? வாசகர் கேள்வி – பதில்

சொந்தக் கிணறு, போர்வெல் வைத்திருக்கும் வீடுகளிலிருந்து வந்த கேள்விகள் இந்த முறை. பரிசோதனை எண்களோடு எழுதியவர்களுக்கு எண்களோடு பதில் தந்திருக்கிறோம். டி.டி.எஸ். என்பது தண்ணீரில் கரைந்திருக்கும் மொத்த உப்பு, பி.ஹெச். என்பது அமில–கார அளவு, ஆர்.ஓ. என்பது மெம்பரேன் எனும் நுண்சவ்வு வழியாகத் தண்ணீரை அழுத்தி உப்பை நீக்கும் மெஷின். பி.ஹெச். தவிர மற்ற பரிசோதனை எண்கள் லிட்டருக்கு இத்தனை மி.கி. என்ற கணக்கு. ‘தண்ணி சரியில்லை, என்ன வாங்கலாம்?’ என்று மட்டும் எழுதியவர்கள் மூன்றாவது பதிலை முதலில் படித்துவிடுங்கள்.

எங்கள் போர் 850 அடி. டி.டி.எஸ். 1,400, ஹார்ட்னஸ் 700, இரும்பு 0.1, ஃபுளோரைடு 0.6, நைட்ரேட் 30, பி.ஹெச். 7.6 என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. குழாயெல்லாம் வெள்ளையாக உப்புப் பூக்கிறது, ஹீட்டர் காயில் வருடத்துக்கு ஒன்று போகிறது. ஒரு கம்பெனி சாஃப்ட்னர் போதும் என்கிறது. இன்னொன்று வீடு முழுக்க ஆர்.ஓ. போடச் சொல்கிறது. வீட்டில் நான்கு பேர்.
— பல்லடம் வாசகர்

உங்கள் ரிப்போர்ட்டில் ஃபுளோரைடும் நைட்ரேட்டும் எல்லைக்குள் இருக்கின்றன. தொல்லை இரண்டுதான். குளிக்கவும் துவைக்கவும் தடையாக இருப்பது ஹார்ட்னஸ். குடிக்கத் தடையாக இருப்பது மொத்த உப்பு. இரண்டுக்கும் ஒரே மெஷின் தேடுவதால்தான் குழப்பம்.

ஹார்ட்னஸ் என்பது தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம், மக்னீசியம். சாஃப்ட்னரில் உள்ள ரெசின் (சின்னச் சின்ன பிளாஸ்டிக் மணிகள்) இவற்றைப் பிடித்துக்கொண்டு அதற்கு ஈடாகச் சோடியத்தை விடும். ஆகவே உப்புப் படியாது, சோப்பு நுரைக்கும், டி.டி.எஸ். மட்டும் அப்படியே இருக்கும், கொஞ்சம் கூடவும் செய்யலாம். ‘சாஃப்ட்னர் போட்டால் டி.டி.எஸ். இறங்கும்’ என்று யாராவது சொன்னால் அவரிடம் எதுவும் வாங்க வேண்டாம்.

அளவைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். டாய்லெட்டையும் செடியையும் கழித்துவிட்டால் குளியல், துணி, ஹீட்டர், பாத்திரம் எல்லாம் சேர்த்து நான்கு பேருக்கு நாளொன்றுக்கு 500 லிட்டர் போதும். 500 லிட்டரில் லிட்டருக்கு 700 மி.கி. என்றால் தினமும் 350 கிராம் ஹார்ட்னஸை எடுக்க வேண்டும். ஒரு லிட்டர் ரெசின் நடைமுறையில் 50 கிராம் வரை பிடிக்கும். 25 லிட்டர் ரெசின் 1,250 கிராம் பிடிக்கும். மூன்று நாளுக்கு ஒருமுறை உப்பு ஏற்றி ரெசினைப் புதுப்பிக்கலாம். லிட்டர் ரெசினுக்கு 150 கிராம் வீதம் ஒவ்வொரு முறையும் 3.75 கிலோ உப்பு. மாதத்துக்கு 37 கிலோவுக்குக் குறையாது. கம்பெனிக்காரர் ‘மாதம் 10 கிலோ போதும்’ என்றால் ரெசின் அளவையும் உங்கள் ஹார்ட்னஸையும் வைத்து இதே கணக்கை அவர் முன்னாலேயே போடுங்கள்.

சாஃப்ட்னர் கெட்டுப்போகிறது என்று சொல்லப்படும் வீடுகளில் பெரும்பாலும் கெட்டிருப்பது பொருத்திய விதம். போர் மோட்டார் லைனிலேயே நேராக மாட்டிவிடுவார்கள். 25 லிட்டர் ரெசினுக்கு மணிக்கு 1,000 லிட்டர் வேகம்தான் மேல் எல்லை. சப்மெர்சிபிள் அதைப் போல மூன்று மடங்கு தள்ளினால் தண்ணீர் ரெசினோடு உறவாட நேரமே இல்லாமல் பாதி ஹார்ட்னஸோடு மேலே போய்விடும். போர் தண்ணீர் முதலில் ஒரு தொட்டியில் விழட்டும். அங்கிருந்து 0.5 ஹெச்.பி. பம்ப், மணல் ஃபில்டர், சாஃப்ட்னர், அப்புறம் தனி சின்டெக்ஸ் டேங்க். டாய்லெட்டுக்கும் தோட்டத்துக்கும் பழைய டேங்கிலிருந்தே லைன் ஓடட்டும்.

வெசலில், அதாவது ரெசின் நிரப்பிய உருளையில், மூன்றில் ஒரு பங்காவது காலியாக இருக்க வேண்டும். பேக்வாஷில் (தண்ணீரைக் கீழிருந்து மேலே ஓட்டிக் கழுவும்போது) ரெசின் உப்பி எழ இடம் வேண்டுமே. உப்புக் கரைசல் 10 சதவீத அளவில், ரெசின் வழியாக 20 முதல் 30 நிமிடம் மெதுவாக இறங்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் ஓட்டிவிட்டால் உப்புதான் வீண். மண் கலந்த கல்லுப்பு, உப்புக் கரைசலை உறிஞ்சும் இன்ஜெக்டரை அடைக்கும், தூள் உப்பு தொட்டியில் கட்டியாகும். கழுவிய சுத்தமான கல்லுப்பு வாங்குங்கள். வெளியே வரும் தண்ணீரைச் சொட்டு விட்டுப் பார்க்கும் ஹார்ட்னஸ் கிட் ஒன்று வீட்டில் இருந்தால் எப்போது உப்பு ஏற்ற வேண்டும் என்பதற்கு யாரையும் கேட்க வேண்டாம்.

இந்தத் தண்ணீரை நேரடியாகக் குடிக்க வேண்டாம். ஒரு மி.கி. ஹார்ட்னஸுக்கு 0.46 மி.கி. சோடியம் கூடும். உங்கள் கணக்கில் லிட்டருக்கு 320 மி.கி.க்கு மேல், ரத்தக்கொதிப்பு உள்ளவர்களுக்கு ஆகாது, செடிக்கும் ஆகாது. சமையலறையில் சின்ன ஆர்.ஓ. ஒன்று போதும். அதைச் சாஃப்ட்னர் லைனிலேயே கொடுங்கள். மெம்பரேனில் சுண்ணாம்பு படியாது, சோடியத்தையும் மெம்பரேன் எடுத்துவிடும்.

வீடு முழுக்க ஆர்.ஓ. தேவையில்லை. 850 அடியிலிருந்து எடுத்த தண்ணீரில் பாதிக்கு மேல் சாக்கடைக்குப் போகும். கனிமம் இல்லாத ஆர்.ஓ. தண்ணீர் ஜி.ஐ., செம்புக் குழாய்களையும் அரிக்கும். ஹீட்டர் வெப்பநிலையை 55–60 டிகிரியில் நிறுத்துங்கள். அதற்கு மேலே போகப் போகப் படிவு வேகமாக ஏறும்.

போரில் எடுக்கும்போது தண்ணீர் பளிச்சென்று இருக்கிறது. சாயங்காலம் பார்த்தால் பக்கெட்டில் மஞ்சள். டைல்ஸ், துணி எல்லாம் கறை. ஆர்.ஓ. மெம்பரேனை நான்கு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுகிறோம். இரும்பு 3.5, பி.ஹெச். 6.9.
— சென்னை, மடிப்பாக்கம் வாசகி

இரும்பு இரண்டு வடிவத்தில் வரும். நிலத்தடியில் காற்றுப் படாமல் கரைந்திருக்கும்போது நிறமே தெரியாது. காற்றுப் பட்டதும் துருவாக மாறி மஞ்சளாகும். உங்களுக்கு வருவது முதல் வகை. சாதாரண ஸ்பன் ஃபில்டரில் அது கரைசலாகவே தாண்டிப் போய், ஆர்.ஓ. மெம்பரேனில் துருவாக ஒட்டிக்கொள்கிறது. மெம்பரேன் மீது தவறில்லை. அதன் வாசலுக்கு வரும் தண்ணீரில் இரும்பு 0.1க்குள் இருக்க வேண்டும். கறை படியத் தொடங்குவது 0.3 அளவில்.

காற்றுப் பட வைப்பதை நாமே முன்கூட்டிச் செய்துவிட வேண்டும், அவ்வளவுதான். போர் குழாயின் முனையில் ஷவர் போலத் துளைகள் உள்ள பைப் மாட்டி, தொட்டிக்கு மேலே குறைந்தது மூன்று நான்கு அடி உயரத்திலிருந்து தண்ணீர் தூறலாக விழட்டும். இதில் இரட்டை லாபம். ஆக்சிஜன் உள்ளே போகும், கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்ஸைடு வெளியே போகும். அது போனால் பி.ஹெச். கொஞ்சம் ஏறும். 7க்குக் கீழே இரும்பு மிக மெதுவாகத்தான் துருவாகும் என்பதால் உங்களுக்கு இது முக்கியம். தூறலுக்குப் பிறகும் 7.2 தாண்டவில்லையென்றால் கால்சைட் (சுண்ணாம்புக்கல் துகள்) நிரப்பிய ஃபில்டர் ஒன்று முன்னால் வேண்டும். தொட்டியில் சில மணி நேரம் தேங்கிய பின், மணலும் மாங்கனீஸ் டை ஆக்ஸைடு மீடியாவும் நிரப்பிய இரும்பு நீக்கும் ஃபில்டர் வழியாகப் போகட்டும்.

இந்த ஃபில்டர்கள் ஆறே மாதத்தில் செத்துப்போவதற்குக் காரணம் பேக்வாஷ். மீடியா கனமானது. 13 அங்குல வெசலில் அதைத் தூக்கிப் புரட்ட மணிக்கு 2,000 முதல் 2,500 லிட்டர் வேகத்தில் தண்ணீர் கீழிருந்து மேலே ஏற வேண்டும். மாடித் தொட்டியிலிருந்து தானாக இறங்கும் தண்ணீருக்கு அந்தத் தெம்பு கிடையாது. துரு உள்ளேயே இறுகி உருண்டையாகிவிடும். பம்ப் வைத்து, இரண்டு நாளுக்கு ஒருமுறை, கழிவுநீர் தெளியும் வரை 10–15 நிமிடம் ஓட்டுங்கள்.

ஃப்ளஷ் டேங்கைத் திறந்து பாருங்கள். செம்மண் நிறத்தில் கொழகொழவென்று படலம் இருந்தால் இரும்பு பாக்டீரியாவும் சேர்ந்திருக்கிறது. அப்போது போரையே குளோரின் போட்டுக் கழுவ வேண்டும். குளோரின் கலந்த தண்ணீர் ஆர்.ஓ.வுக்குப் போகும் முன் கார்பன் ஃபில்டர் கட்டாயம். குளோரின் பட்டால் மெம்பரேன் பிய்ந்துவிடும்.

துணிக் கறைக்கு பிளீச்சிங் பவுடர் போடாதீர்கள். அது இரும்பை இன்னும் துருவாக்கி நூலோடு பிணைத்துவிடும். எலுமிச்சைச் சாறோ சிட்ரிக் அமிலமோ ஊற்றி ஊறவைத்தால் போகும்.

விற்பனைக்காரர் எங்கள் தண்ணீரில் இரண்டு கம்பிகளை விட்டுக் கரன்ட் கொடுத்தார். ஒரே நிமிடத்தில் சேறு மாதிரி ஆகிவிட்டது. அவருடைய ஆர்.ஓ. தண்ணீர் அப்படியே தெளிவாக இருந்தது. அப்படியானால் எங்கள் தண்ணீர் அவ்வளவு மோசமா?
— விழுப்புரம் வாசகர்

அந்தச் சேறு உங்கள் தண்ணீரிலிருந்து வரவில்லை, அவருடைய கம்பியிலிருந்து வந்தது. ஒரு கம்பி இரும்பு. உப்பு இருக்கும் தண்ணீரில் மின்சாரம் பாயும். பாய்ந்தால் இரும்புக் கம்பி கரைந்து துருவாக மிதக்கும். ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு குறைவு, மின்சாரம் பாயாது, கம்பி கரையாது. அடுத்த முறை அவர் டம்ளரில் ஒரு சிட்டிகைச் சமையல் உப்பைப் போட்டுத் திரும்பச் செய்யச் சொல்லுங்கள். அதுவும் சேறாகும்.

கையில் வைத்திருக்கும் டி.டி.எஸ். பேனாவும் மின்கடத்தலைத்தான் அளக்கிறது. அதில் ஃபுளோரைடு, நைட்ரேட், கிருமி எதுவும் தெரியாது. டி.டி.எஸ். 180 காட்டும் கிணற்றில் கழிவுநீர் கலந்திருக்கலாம்.

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் செலுத்தித் தண்ணீரைச் சோதித்துக்கொள்ளலாம். மோட்டாரை 10–15 நிமிடம் ஓடவிட்டு, ஃபில்டர் எதையும் தொடாத குழாயில், அதே தண்ணீரால் மூன்று முறை அலசிய இரண்டு லிட்டர் கேனில் விளிம்பு வரை பிடியுங்கள். கிருமிப் பரிசோதனைக்கு ஆய்வகம் தரும் கிருமி நீக்கிய பாட்டில்தான் வேண்டும். அதை அலசக் கூடாது, மூடியின் உள்பக்கம் விரல் படக் கூடாது, ஐஸ் வைத்து ஆறு மணி நேரத்துக்குள் சேர்த்துவிட வேண்டும். கேட்க வேண்டியவை: பி.ஹெச்., டி.டி.எஸ்., ஹார்ட்னஸ், ஆல்கலினிட்டி, குளோரைடு, சல்ஃபேட், இரும்பு, மாங்கனீஸ், ஃபுளோரைடு, நைட்ரேட், ஈ-கோலி (மலத்திலிருந்து வரும் கிருமி). கோடையில் ஒன்று, மழை முடிந்து ஒன்று. இரண்டும் ஒரே மாதிரி இருக்காது.

இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500இன்படி டி.டி.எஸ். 500க்குள் இருந்தால் நல்லது, வேறு வழி இல்லையென்றால் 2,000 வரை. ஹார்ட்னஸ் 200, மேல் எல்லை 600. ஃபுளோரைடு 1.0, மேல் எல்லை 1.5. நைட்ரேட் 45தான், அதில் சலுகை கிடையாது. 100 மில்லியில் ஈ-கோலி ஒன்றுகூட இருக்கக் கூடாது.

போர் தண்ணீரில் ஃபுளோரைடு 2.8, டி.டி.எஸ். 620தான். காய்ச்சிக் குடிக்கிறோம். ஆர்.ஓ. வாங்கினோம். பொருத்தியவர் ‘மினரல் வேண்டும்’ என்று டி.டி.எஸ். கன்ட்ரோலரைத் திறந்து 250இல் வைத்துவிட்டுப் போனார். சரியா?
— பென்னாகரம் வாசகி

சரியில்லை. அந்தத் திருகு மினரலைச் சேர்ப்பதில்லை, மெம்பரேனைத் தாண்டாத பச்சைத் தண்ணீரைக் கலக்கிறது. மெம்பரேன் தாண்டிய தண்ணீரில் ஃபுளோரைடு 0.2 என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தில் மூன்று பங்கு பச்சைத் தண்ணீர் கலந்தால் 0.98 ஆகும்; பாதிக்குப் பாதி கலந்தால் 1.5, அதாவது மேல் எல்லை. உங்கள் வீட்டில் குழந்தைகள் இருந்தால் திருகை முழுவதும் மூடிவிடுங்கள். ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் நிலையான பற்களில்தான் கறை விழும், எட்டு வயது வரை அந்த ஆபத்து உண்டு. டி.டி.எஸ். 50க்கு இறங்கிச் சப்பென்று இருந்தால் இருக்கட்டும்.

காய்ச்சுவதை நிறுத்துங்கள். கிருமி சாகும், ஃபுளோரைடு சாகாது. ஆவி போகப் போக அது செறிவாகும். சாதம், குழம்பு, டீ எல்லாவற்றுக்கும் ஆர்.ஓ. தண்ணீர்தான். சாதம் வேகும்போது தண்ணீரோடு ஃபுளோரைடையும் இழுத்துக்கொள்கிறது. தேயிலையிலேயே ஃபுளோரைடு இருப்பதால் கடும் டீயையும் குறைத்துக்கொள்ளலாம்.

ஃபுளோரைடைப் பிடித்துக்கொள்ளும் ஆக்டிவேட்டட் அலுமினா ஃபில்டர் மலிவு, தண்ணீரும் வீணாகாது. ஆனால் அது நன்றாக வேலை செய்வது பி.ஹெச். 5.5 முதல் 6.5க்குள். அந்த வட்டாரத்துப் போர்களில் காரத்தன்மை அதிகமாக இருப்பது சாதாரணம். அங்கே அது சீக்கிரம் களைத்துவிடும். களைத்தது நாக்குக்கோ கண்ணுக்கோ தெரியாது என்பதுதான் சிக்கல். மாதாமாதம் பரிசோதிக்க முடியாதவர்களுக்கு ஆர்.ஓ.வே மேல், பேனாவில் டி.டி.எஸ். ஏறுவதை வைத்து மெம்பரேன் தளர்வதைக் கண்டுகொள்ளலாம். 620 உள்ளே போய் 120க்கு மேல் வெளியே வந்தால் மாற்றும் நேரம். 2013இல் தொடங்கிய ஒகேனக்கல் குடிநீர் உங்கள் தெருவில் வருமானால் குடிக்க அதைப் பிடித்துக்கொண்டு, போரைக் குளிக்க வைத்துக்கொள்வதே நல்லது.

எங்கள் கிணற்றுத் தண்ணீர் டி.டி.எஸ். 140. நல்ல ருசி. இதற்கும் ஆர்.ஓ. வேண்டுமாம்.
— மார்த்தாண்டம் வாசகர்

வேண்டாம். டி.டி.எஸ். 500க்குக் கீழே உள்ள இடங்களில் ஆர்.ஓ.வைத் தடை செய்யும்படி தேசிய பசுமைத் தீர்ப்பாயமே 2019இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கு உத்தரவிட்டது. உங்களுக்குப் பார்க்க வேண்டியது கிருமியும் பி.ஹெச்.சும். ஐந்து மைக்ரான் ஃபில்டர், பின்னால் யூ.வி. (கிருமியைக் கொல்லும் புற ஊதா விளக்கு) போதும். யூ.வி. விளக்கு எரிந்துகொண்டே இருந்தாலும் ஒரு வருடத்தில் சக்தி இழந்துவிடும். எரிகிறதே என்று விட்டுவிடாதீர்கள். அதற்குப் பின்னால் தண்ணீரைப் பழைய பானையில் பிடித்துவைத்தால் மறுபடி கிருமி சேரும். செம்மண், சரளைமண் கிணறுகளில் பி.ஹெச். 6க்குக் கீழே போவது உண்டு. வாஷ்பேசினில் நீலப் பச்சைக் கறை விழுந்தால் செம்பு அரிக்கிறது என்று பொருள். கால்சைட் ஃபில்டர் அதைச் சரிசெய்யும்.

மழை வெள்ளம் கிணற்றுக்குள் புகுந்துவிட்டது. பிளீச்சிங் பவுடர் எவ்வளவு போட வேண்டும்? விட்டம் 8 அடி, தண்ணீர் 12 அடி.
— கடலூர் வாசகர்

விட்டம் × விட்டம் × தண்ணீர் ஆழம் × 22, எல்லாம் அடியில். 8 × 8 × 12 × 22, ஏறக்குறைய 17,000 லிட்டர். வெள்ளம் புகுந்த கிணற்றுக்கு லிட்டருக்கு 50 மி.கி. குளோரின் வேண்டும். மொத்தம் 850 கிராம். புதுப் பவுடரில் 30 சதவீதம்தான் குளோரின், ஆகவே 2.8 கிலோ. பிரித்துவைத்த பழைய பையில் பாதிகூட மிஞ்சியிருக்காது. மூக்கைத் துளைக்கும் நெடி இல்லையென்றால் அது வெறும் சுண்ணாம்பு.

முதலில் கலங்கிய தண்ணீரை இறைத்துவிட்டு ஊற்றுத் தண்ணீர் ஏற விடுங்கள். சேற்றில் குளோரினைக் கொட்டினால் சேறே அதைத் தின்றுவிடும். தூர் வார யாரையும் சட்டென்று உள்ளே இறக்க வேண்டாம், விஷவாயு இருக்கும். மட்டத்தை மறுபடி அளந்து கணக்கைத் திருத்திக்கொள்ளுங்கள்.

பவுடரை நேராகக் கொட்டாதீர்கள். ஒரு பக்கெட்டுக்கு 100 கிராமுக்கு மிகாமல் போட்டு, கொஞ்சம் தண்ணீரில் களிம்பாகக் குழைத்து, பக்கெட்டை முக்கால் வரை நிரப்பிக் கலக்கி, 10 நிமிடம் தெளியவிட்டு, மேலே உள்ள தெளிவை மட்டும் இன்னொரு பக்கெட்டில் ஊற்றிக் கிணற்றுக்குள் இறக்கி மேலும் கீழும் ஆட்டுங்கள். 2.8 கிலோவுக்கு 28 நடை. அலுப்பாகத்தான் இருக்கும், அடியில் தங்கும் சுண்ணாம்பு கிணற்றுக்குள் போகாமலிருக்க இதுவே வழி. அந்தக் கையோடு டாய்லெட் ஆசிட்டைத் தொடாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். வீட்டுக் குழாய் ஒவ்வொன்றிலும் நெடி வரும்வரை திறந்துவிட்டு மூடி, 24 மணி நேரம் அப்படியே விடுங்கள். பிறகு நெடி அடங்கும்வரை இறைத்துத் தெருவோரம் விடலாம். செடிக்கும் குளத்துக்கும் செப்டிக் டேங்குக்கும் வேண்டாம். ஒரு வாரம் கழித்து ஈ-கோலி பரிசோதனை. அதுவரை குடிக்கும் தண்ணீரைக் காய்ச்சுங்கள்.

அதற்குப் பிறகு வழக்கமான அளவு 1,000 லிட்டருக்கு 2.5 கிராம், உங்கள் கிணற்றுக்கு 43 கிராம். இரவில் போட்டுக் காலையில் எடுக்கலாம். ஈ-கோலி திரும்பத் திரும்ப வந்தால் பவுடரைக் கூட்டிப் பயனில்லை. செப்டிக் டேங்க் 15 மீட்டருக்குள் இருக்கிறதா, கைப்பிடிச் சுவர் விரிசலா, சுற்றிலும் சிமென்ட் தளம் இருக்கிறதா என்று பாருங்கள்.

எங்கட கிணத்துத் தண்ணியில நைட்ரேட்-நைட்ரஜன் 18 எண்டு வந்திருக்கு. 10ஐ விடக் கூட, ஆனா 50ஐ விடக் குறைவு எண்டும் சொல்லுகினம். எது சரி? மூண்டு மாசப் பிள்ளைக்குப் பால்மா கரைக்கிறம்.
— யாழ்ப்பாணம், உரும்பிராய் வாசகி

இரண்டு அளவுகள் கலந்துவிட்டன. 10 என்பது நைட்ரஜனாகக் கணக்கிடும்போது உள்ள எல்லை, 50 என்பது நைட்ரேட்டாகக் கணக்கிடும்போது உள்ள எல்லை. உங்கள் ரிப்போர்ட் நைட்ரஜனாகக் கணக்கிட்டது. 4.43ஆல் பெருக்கினால் நைட்ரேட் கிட்டத்தட்ட 80. உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை 50. எனவே இந்தத் தண்ணீரில் இன்றிலிருந்து பால்மா கரைக்க வேண்டாம். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தையின் ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறுவதை நைட்ரேட் தடுக்கும்; உதடும் நகமும் நீலம் பாரித்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தாய்ப்பால் வழியாக அது அவ்வளவாகப் போவதில்லை.

கொதிக்கவைத்தால் நைட்ரேட் கூடும். மெழுகுதிரி ஃபில்டர், கார்பன், யூ.வி., சாஃப்ட்னர் நான்கும் இதைத் தொடாது. வீட்டளவில் நம்பக்கூடியது ஆர்.ஓ. அதைப் பொருத்தி, வெளிவரும் தண்ணீரை ஒருமுறை ஆய்வகத்தில் சோதிக்கும்வரை குழந்தைக்குப் போத்தல் தண்ணீர் கொடுங்கள். சுண்ணக்கல் நிலமானதால் ஹார்ட்னஸும் கூடவே வரும். படிவைத் தடுக்கும் கார்ட்ரிஜ் இல்லாத மெஷினில் மெம்பரேன் நிலைக்காது. அதே சுண்ணக்கல்லின் வெடிப்புகள் வழியாகத்தான் தோட்டத்து உரமும் மலசலகூடக் குழியின் கழிவும் வடிகட்டப்படாமலே கிணற்றுக்கு வருகின்றன. அக்கம்பக்கத்தில் வெங்காயத்துக்கு உரம் போட்டு மழை பெய்த பின் ஒருமுறை சோதித்துப் பாருங்கள். உச்ச அளவு அப்போதுதான் தெரியும்.

பைப்பைச் சுற்றிக் காந்தம் மாட்டினால் ஹார்ட்னஸ் போகுமா?
— திருப்பூர் வாசகர்

மாட்டுவதற்கு முன்னும் பின்னும் ஆய்வகத்தில் ஹார்ட்னஸ் பாருங்கள். எண் மாறாது. பணத்தை ரெசினில் போடுங்கள்.

பச்சைத் தண்ணீரில் வாடை இல்லை. ஹீட்டர் தண்ணீரில் மட்டும் அழுகிய முட்டை நாற்றம்.
— நாமக்கல் வாசகி

கிணற்றில் குறை இல்லை. ஹீட்டர் டேங்க் துருப்பிடிக்காமலிருக்க உள்ளே ஒரு மக்னீசியம் கம்பி இருக்கிறது. தண்ணீரில் உள்ள சல்ஃபேட்டைத் தின்னும் பாக்டீரியாவுக்கு அது துணைபோய், ஹைட்ரஜன் சல்ஃபைடு கிளம்புகிறது. ஊருக்குப் போய்த் திரும்பிய பிறகு நாற்றம் அதிகமாக இருக்குமே, தேங்கிக் கிடந்ததால்தான். ஹீட்டரைச் சில மணி நேரம் 65 டிகிரிக்கு மேல் வைத்து, குழாயில் கை படாமல் அந்தத் தண்ணீரை வெளியேற்றுங்கள். திரும்ப வந்தால் மெக்கானிக்கிடம் அலுமினியம்–துத்தநாகக் கம்பி மாற்றச் சொல்லுங்கள். கம்பியையே கழற்றிவிடலாம் என்பார். அப்படிச் செய்தால் நாற்றத்தோடு டேங்கும் போய்விடும்.